வீட்டுத் தரகருக்கும் பாடசாலை

சாதாரணக் குடும்பத்தவர் ஒருவர் தம் வாழ்நாளில் வீடு வாங்குவது ஒருமுறை அல்லது இருமுறைதான். தரகருக்கோ அது அன்றாடத் தொழில். வாங்குபவர் அறியாத பலவற்றை அவர் அறிந்திருப்பார். அந்த அறிவே அவரது மூலதனம். அது நேர்மையின்றிப் பயன்படுமாயின் மற்றவருக்கு அதுவே கேடாகும். இதனாலன்றோ பல நாடுகளில் தரகர்கள் அனுமதிப்பத்திரம் பெற்றே தொழில் செய்ய வேண்டுமென விதித்திருக்கின்றனர். சில இடங்களில் அதைப் பெற்ற பின்னரும் படிப்பு ஓய்வதில்லை.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தை நோக்குவோம். அங்கே வீடு, காணி விற்பனை முகவராக விரும்புபவர் முதலில் 77 மணி நேரப் பாடம் கற்றுப் பரீட்சையிற் சித்தியெய்தல் வேண்டும். பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது, 22.5 மணி நேரத் தொடர்கல்வியை முடித்திருத்தலும் வேண்டும்.

வீட்டைக் காட்டி விலை பேசும் தொழிலுக்கு இத்தனை படிப்பு எதற்கு என்று கேட்பார் உளர். அந்நாட்டில் ஒரு பிள்ளை எந்த அரசாங்கப் பாடசாலையிற் சேரும் என்பதைப் பெரும்பாலும் வீடு இருக்கும் இடமே நிர்ணயிக்கின்றது. ஆகவே, ஒரு குடும்பத்தை எந்தத் தெருவுக்கு அழைத்துச் செல்வது என்று முடிவு செய்யும் தரகர், அக்குடும்பத்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் ஓரளவு முடிவு செய்கின்றார்.

இதிலே பழைய அநீதி ஒன்றும் கலந்திருக்கின்றது. நியூயோர்க்கைச் சார்ந்த லோங் ஐலண்டில், லெவிற்றவுண் என்னும் பெருங் குடியிருப்பு 1947 ஆம் ஆண்டில் எழத் தொடங்கியது. அதன் ஆரம்பகாலக் குத்தகை உடன்படிக்கைகள், வெள்ளையரல்லாதார் அங்கே குடியிருப்பதைத் தடுத்தன. 1968 ஏப்பிரல் 4 ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டார். ஒரு வாரத்தின் பின், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், நிறம், சமயம், பிறந்த நாடு என்பவற்றைப் பார்த்து வேறுபாடு காட்டலாகாது என்ற சட்டம் கையொப்பமிடப்பட்டது.

சட்டம் வந்தது, வழக்கம் மாறியதா? லோங் ஐலண்டின் ‘நியூஸ்டே’ பத்திரிகை மூன்று ஆண்டுகள் ஆராய்ந்து, 2019 நவம்பரில் தன் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய ஒரேயளவு பண வசதி உடையோராய்க் காட்டிக்கொண்ட இருவர், ஒருவர் வெள்ளையர், மற்றவர் வேற்றினத்தவர், ஒரே தரகரிடம் தனித்தனியே சென்றனர். உரையாடல்கள் இரகசியமாகப் பதிவு செய்யப்பட்டன. 93 தரகர்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டனர். கறுப்பினத்தவர் சென்ற சோதனைகளில் நூற்றுக்கு 49 இலும், ஹிஸ்பானியர் சென்றவற்றில் 39 இலும், ஆசியர் சென்றவற்றில் 19 இலும் பாரபட்சத்துக்குச் சான்று கிடைத்தது. வங்கி கடன் தரும் என்பதற்கான கடிதத்தை முதலிற் கொண்டு வாருங்கள் என்று ஒருவரிடம் கேட்ட தரகர், மற்றவரிடம் அதைக் கேளாமலே வீடுகளைக் காட்டியதும் உண்டு.

இத்தரகர்கள் கல்லாதவர்களா? அல்லர். சம உரிமை பற்றிய மூன்று மணி நேரப் பாடம் அன்றும் கட்டாயமாகவே இருந்தது. அந்த வகுப்புகளுக்கும் பத்திரிகையாளர் சென்றனர். சட்டத்தைச் செவ்வனே போதியாத வகுப்புகளை அங்கே கண்டனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இங்கோ ஏட்டிலும் சுரைக்காய் சரியாக எழுதப்படவில்லை!

இதன் பின்னர் திருத்தங்கள் வந்தன. சம உரிமைப் பாடத்தை நடத்துவோர் அதனை ஒலி, ஒளிப் பதிவு செய்து ஓராண்டு பேணல் வேண்டுமென 2020 இல் விதிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு அனுபவமுடைய தரகர்களுக்குத் தொடர்கல்வியிலிருந்து அளிக்கப்பட்டிருந்த விலக்கு 2021 இல் நீக்கப்பட்டது. தம்மையறியாமலே மனத்திற் படிந்திருக்கும் சார்பு பற்றி இரண்டு மணி நேரமும், பிறர் பண்பாட்டை அறிந்து ஒழுகுவது பற்றி இரண்டு மணி நேரமும் 2022 இற் சேர்க்கப்பட்டன.

இவற்றுள், பாடத்தையே பதிவு செய்ய வேண்டுமென்ற விதியே என் போன்ற ஆசிரியர்களின் சிந்தனைக்கு உரியது. மாணவன் வகுப்பிலிருந்தான் என்பதை வரவு இடாப்பு சொல்லும். அவன் கற்றான் என்பதை அது சொல்லாது. ஆசிரியர் கற்பித்தார் என்பதையும் அது சொல்லாது. கட்டாயக் கல்வி வேண்டியதே. அனுபவம் மிக்கவருக்கும் அது வேண்டியதே. ஆனால், மணிக்கணக்கோடு அது நின்றுவிடுமாயின், குற்றம் புரிந்தவர் கையிலும் சான்றிதழ் ஒன்று இருக்கும், அவ்வளவே.

தரகர் கற்றாரா என்பதற்கு உண்மையான பரீட்சை வகுப்பறையில் நடப்பதன்று. முன்பின் அறியாத ஒரு குடும்பம் அவர் வாயிலில் வந்து நிற்கும்போதே அது நடக்கின்றது. அந்தப் பரீட்சையையும் யாராவது இடையிடையே மேற்பார்வை செய்தல் வேண்டும்.