கதவைத் தட்டிய கணக்கு

ஷோரூமில் காரைப் பார்த்து, பிடித்த நிறத்தைச் சொல்லி, பான் எண்ணையும் ஆதார் நகலையும் விற்பனையாளரிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதற்குள் கைபேசியில் நான்கு குறுஞ்செய்திகள் வந்து விழுகின்றன. இன்ன வங்கி உங்கள் கடன் அறிக்கையைப் பார்த்தது, இன்ன பைனான்ஸ் நிறுவனம் பார்த்தது என்று. இப்படித் தகவல் சொல்ல வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது நமக்குத் தெரிகிறது. தெரிந்ததும் கூடவே ஒரு பயமும் வந்துவிட்டது. ஒரு காருக்காக நான்கு பேர் பார்த்தால் நம் கடன் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் நான்கு முறை அடி வாங்குமா? வாங்கும், ஆகவே ஒரே இடத்தில் மட்டும் கேளுங்கள் என்று அடித்துச் சொல்லும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதை நம்பி மக்கள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் அவர்களுக்கே நஷ்டம்.

நம் ஸ்கோரை நாமே பார்த்துக்கொண்டால் அது ஒரு புள்ளிகூடக் குறையாது. நாம் கடன் கேட்டு, கொடுப்பவர் நம் அறிக்கையை எடுத்துப் பார்க்கும்போதுதான் அது என்கொயரியாகப் பதிவாகிறது. சிபில் அறிக்கையின் கடைசிப் பகுதியைப் புரட்டினால் அந்தப் பட்டியல் இருக்கும்: பார்த்த நிறுவனம், தேதி, எந்த வகைக் கடன், எவ்வளவு தொகை. நான்கே விவரங்கள். கடன் கிடைத்ததா, மறுத்துவிட்டார்களா, வட்டி அதிகமென்று நாமே வேண்டாம் என்று வந்துவிட்டோமா என்பதற்கு அங்கே இடமே கிடையாது. இந்த விடுபட்ட ஐந்தாவது விவரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரத்தில் ஒருவர் ஐந்து வீட்டுக் கதவைத் தட்டிக் கைமாத்து கேட்கிறார். எதிர்த் திண்ணையில் ஒரு பெரியவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார். கதவு தட்டும் சத்தம் அவருக்குக் கேட்கிறது. உள்ளே நடக்கும் பேச்சு கேட்பதில்லை. ஐந்து கதவு தட்டியவருக்கு அவசரம் அதிகம் என்று மட்டும் அவருக்குத் தோன்றுகிறது, ஐந்து வரி எழுதிக்கொள்கிறார். அவர் கணிப்பில் தவறில்லை. கதவைத் தட்டுவதால் யாரும் திவாலாவதில்லை. ஆனால் கையில் காசு வற்றும் நாட்களில் கதவுகள் அதிகம் தட்டப்படும். அமெரிக்காவில் ஸ்கோர் கணக்கிடும் ஃபைகோ நிறுவனம், ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட என்கொயரி உள்ளவர்கள் திவால் அறிவிக்கும் வாய்ப்பு, ஒன்றுமே இல்லாதவர்களைவிட எட்டு மடங்குவரை இருக்கலாம் என்கிறது. எட்டு மடங்கு என்றதும் திகிலாகத்தான் இருக்கும். எதன் எட்டு மடங்கு என்று கேட்க வேண்டும். உதாரணத்துக்கு, ஆயிரத்தில் ஒருவர் எட்டுப் பேராக உயர்ந்தால், மீதி 992 பேர் திவாலாவதில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் இந்தக் கணிப்பைத் தனி ஆளின் மீதான தீர்ப்பாகப் படிப்பதுதான் பிழை.

இந்தக் கணிப்பின் வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக. 1936-இல் ரொனால்ட் ஃபிஷர் ஐரிஸ் பூக்களின் இதழ் நீள அகலங்களை வைத்து இனங்களைப் பிரிக்க ஒரு கணித முறை கண்டார். 1941-இல் டேவிட் டூராண்ட் அதே முறையைத் தவணைக் கடன்களுக்குப் பொருத்தி, தேறும் கடன் எது, தேறாத கடன் எது என்று பிரித்துப் பார்த்தார். 1956-இல் பில் ஃபேர், ஏர்ல் ஐசக் இருவரும் கலிபோர்னியாவில் அதைத் தொழிலாக்கினார்கள். அவர்கள் நிறுவனத்தின், எல்லோருக்கும் பொதுவான ஃபைகோ ஸ்கோர் 1989-இல் வந்தது. நம் சிபில் 2000-இல் தொடங்கியது. பூவைப் பிரித்த கணக்கு ஆளைப் பிரிக்க வந்த கதை இவ்வளவுதான்.

திண்ணைப் பெரியவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து கதவு தட்டியவர் ஐந்து கடன் தேடுகிறாரா, ஒரே கடனுக்கு ஐந்து இடத்தில் வட்டி விசாரிக்கிறாரா? முன்னவர் ஆபத்தானவர், பின்னவர் கெட்டிக்காரர். நோட்டில் இருவரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள். ஃபைகோ இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாமலேயே அது பதிலை ஊகிக்கிறது. அதற்கு இரண்டே தடயங்கள்: எதற்காகக் கேட்டார், எவ்வளவு நாளுக்குள் கேட்டார். கார் கடன், வீட்டுக் கடன், கல்விக் கடன் ஆகிய மூன்றிலும், பழைய ஃபைகோ பதிப்புகளில் 14 நாட்களுக்குள், புதியவற்றில் 45 நாட்களுக்குள் வந்த ஒரே வகை என்கொயரிகள் எத்தனை இருந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும். சாதாரண ஆள் ஒன்றரை மாதத்தில் ஐந்து கார் வாங்கமாட்டார் என்ற நடைமுறை அறிவுதான் இதற்கு அடிப்படை. ஐந்து கிரெடிட் கார்டு வாங்குவார். அதனால் கார்டு என்கொயரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொன்றும் தனி வரி.

இதைவிட நுட்பமானது இன்னொரு விதி. ஸ்கோர் கணக்கிடும் நாளுக்கு முந்தைய 30 நாட்களில் வந்த இந்த மூன்று வகை என்கொயரிகளை ஃபைகோ கண்டுகொள்வதே இல்லை. ஏன்? இப்படி ஒரு விதி இல்லாவிட்டால், முதல் வங்கி பார்த்ததால் ஸ்கோர் சற்று இறங்கும். இரண்டாவது வங்கி இறங்கிய ஸ்கோரைப் பார்த்து வட்டியைக் கூட்டும். மூன்றாவது இன்னும் கூட்டும். அளக்க அளக்க அளவே மாறிப்போனால் எந்த வங்கி மலிவு என்று ஒப்பிடவே முடியாது. தெருக் கதையில் சொன்னால், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஐந்து வீடு ஏறுபவரைப் பார்த்த பெரியவர், முதல் நான்கு வீட்டுச் செய்தியை ஐந்தாவது வீட்டுக்காரர் காதில் போடாமல் ஒரு மாதம் வாய்மூடி இருக்கிறார். பிறகு ஐந்து வரியை அடித்துவிட்டு 'கட்டணம்' என்று ஒரே வரி எழுதுகிறார். ஒரு வருடம் போனதும் அந்த வரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு வருடத்தில் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுகிறார். அமெரிக்க அறிக்கையில் என்கொயரி தங்கும் காலமும் அதேதான்: பதிவில் இரண்டு ஆண்டு, ஃபைகோ கணக்கில் 12 மாதம். பெரியவர் ஏமாறவும் கூடும். கார் கடனுக்குக் கேட்டது வேறு கடன் வகையாகப் பதிவாகிவிட்டால், அது இந்த ஒரே வரிக்குள் அடங்காது.

என் ஸ்கோர் இருபது புள்ளி இறங்கியதே என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இறக்கியது எது என்று பார்க்க வேண்டும். ஃபைகோவே சொல்லும் கணக்குப்படி, பெரும்பாலானவர்களுக்கு ஒரு என்கொயரி ஐந்து புள்ளிகூடக் குறைக்காது. தவணையை நாள் தவறாமல் கட்டுவதற்கு 35 சதவீத எடை. புதிய கடன் தேடுதல் என்ற தலைப்பு மொத்தத்துக்கும் 10 சதவீதம், அதில் ஒரு துண்டுதான் என்கொயரி. கார் கடன் கைக்கு வந்ததும் ஒரு புதுக் கணக்கு சேர்கிறது, கணக்குகளின் சராசரி வயது குறைகிறது, பாக்கித் தொகை திடீரென்று ஏறுகிறது. எல்லாம் ஒரே மாதத்தில் நடப்பதால், கண்ணில் பட்ட குறுஞ்செய்தியின் மீது பழி விழுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. இருபது வருடம் கடன் வாங்கிக் கட்டியவரின் அறிக்கை தடித்த புத்தகம். அதில் ஒரு வரி கூடினால் தெரியாது. முதல் வேலையில் சேர்ந்து முதல் கார்டு வாங்கியவரின் அறிக்கை அரைப் பக்கம். அங்கே அதே ஒரு வரி பெரிதாகத் தெரியும்.

பயத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு லட்ச ரூபாய், ஐந்து வருடக் கடன். 9 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 16,607 ரூபாய்; 10 சதவீதத்தில் 16,998. மாதம் 391 ரூபாய்தானே என்று தோன்றும். அறுபது மாதத்துக்குக் கிட்டத்தட்ட 23,450 ரூபாய். சில மாதங்களில் திரும்பி வரும் நான்கைந்து புள்ளியைக் காப்பாற்ற, திரும்பி வராத இந்தப் பணத்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஒரே இடத்தில் கேளுங்கள் என்ற அறிவுரை யாருக்கு லாபம் என்றும் யோசிக்க வேண்டும். ஒப்பிடாத வாடிக்கையாளரைவிட வங்கிக்குப் பிடித்த வாடிக்கையாளர் இல்லை.

எனக்கு உண்மையான வருத்தம் வேறொரு இடத்தில். மறுக்கப்பட்டவர் வேறு வழியில்லாமல் அடுத்த கதவைத் தட்டுகிறார். அந்தத் தட்டல் பதிவாகிறது. அதைப் பார்த்து அடுத்தவர் மறுக்கிறார். ஒப்பிடுபவரின் நான்கு வரி ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கைவிடப்பட்டவரின் வரிகள் மாதக்கணக்கில் சிதறிக் கிடப்பதால், நாள் கணக்குச் சலுகை அவருக்கு உதவுவதே இல்லை. யாருக்குச் சலுகை தேவையோ அவருக்கு அது கிடைக்காத அமைப்பு இது. மாதச் சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகளும் வாடகை வண்டி ஓட்டுபவர்களும் இந்தச் சுழலில் எளிதாகச் சிக்குகிறார்கள். காரணமில்லாமல் மறுத்தவரின் பெயரும் அதே நான்கு விவரங்களுக்குள் ஒளிந்துகொள்கிறது.

14, 45 எல்லாம் ஃபைகோவின் எண்கள். நம் ஊரில் அவற்றை உரிமையாகக் கோர முடியாது. இங்கே ஸ்கோரோடு நிற்காமல், கடன் அதிகாரி அந்த என்கொயரிப் பட்டியலையும் வரி வரியாகப் பார்ப்பது வழக்கம். ஆகவே வட்டி விகிதத்தை வங்கிகளின் இணையதளத்திலோ, கிளையில் வாய்மொழியாகவோ முதலில் விசாரித்துவிடலாம்; அதற்குப் பான் எண் தேவைப்படாது. தேறிய இரண்டு மூன்று வங்கிகளுக்கு மட்டும், ஒரே வாரத்துக்குள், ஒரே தொகைக்கு விண்ணப்பித்தால் பட்டியலைப் படிப்பவருக்கு அது ஒரே கார் என்று புரிந்துவிடும். எந்தெந்த வங்கிக்கு அனுப்பலாம் என்பதை ஷோரூமில் நீங்களே எழுதிக் கொடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடைசிப் பகுதியைப் பாருங்கள். நீங்கள் தட்டாத கதவின் பெயர் அங்கே இருந்தால் புகார் எழுதுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.