பழைய குழுவின் புதிய பாட்டு



நெடுநாளாக நாம் நேசித்துவந்த ஓர் இசைக்குழு புதிய பாடல்களை வெளியிடுமானால், அதன் அன்பர்களாகிய நமக்கு இரண்டு கடமைகள் ஏற்படுகின்றன. ஆவலோடு கேட்பது ஒன்று. முன்பின் அறியாதவர் கேட்பதுபோல் நடுவுநிலையோடு எடைபோடுவது மற்றொன்று. முதற்கடமை எளிது. இரண்டாவது கடமையில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். அன்பு மிகுந்தவர் குறைகளைக் காண மறுக்கின்றனர்; சலிப்புற்றவரோ, 'பழைய பாட்டுக்கு ஈடாகுமா?' என்று கேளாமலேயே ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு கோடிகளுக்கும் இடையே ஒரு நல்ல வழி உண்டு. அதனை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்னும் ஆங்கில ராக் இசைக்குழு 2023 அக்டோபர் 20-ஆம் நாள் வெளியிட்ட 'ஹாக்னி டயமண்ட்ஸ்' என்னும் ஆல்பம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் மேனாட்டு ராக் இசைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். கல்லூரி மாணவனாக இருந்தபோது நண்பர் ஒருவரின் கேசட்டில் இக்குழுவின் பாடல்களை முதன்முதலாகக் கேட்டேன். அன்று பற்றிய பற்று நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் நீங்கவில்லை.

ராக் இசையைப் பழகாதவர்க்காக முதலில் சிறிது விளக்கம் கூறுகிறேன். 1950-களில் அமெரிக்காவில் உருவாகிய இவ்விசைக்கு மின்கிடாரும், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிடாரும், டிரம்ஸ் என்னும் முழவுத் தொகுதியும் அடிப்படைக் கருவிகள். தாளம் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, இரண்டிலும் நான்கிலும் மட்டும் கைதட்டிப் பாருங்கள். ராக் இசையின் நாடித்துடிப்பு உங்கள் உள்ளங்கையிலேயே கிடைத்துவிடும்.

இவ்விசையின் வேர்களுள் ஆழமானது 'புளூஸ்'. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தளையில் உழன்ற ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர், பருத்தி வயல்களிலும் குடிசைத் திண்ணைகளிலும் வளர்த்த இசை அது. அதில் பெருவழக்காக உள்ள வடிவம் எளிமையானது: 12 தாளவட்டங்கள், மூன்று அடிகள். முதலடியைப் பாடி, அதனையே திரும்பவும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறுவர். துயரத்தைச் சொல்லி, மீண்டும் சொல்லி, பின்பு அதனைத் தாங்கிக்கொள்ளும் வகையையும் சொல்லும் இசை என்று அதனைக் கருதலாம்.

இந்தப் புளூஸ் இசையே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைப் பிறப்பித்தது. 1961 அக்டோபரில், லண்டனுக்கு அருகேயுள்ள டார்ட்ஃபர்டு புகைவண்டி நிலையத்தில் பதினேழு, பதினெட்டு வயதுடைய இரு இளைஞர்கள் சந்தித்தனர். ஒருவர் மிக் ஜாகர். மற்றவர் கீத் ரிச்சர்ட்ஸ். இருவரும் தொடக்கப்பள்ளித் தோழர்கள், இடையில் பிரிந்தவர்கள். ஜாகரின் கையில் இருந்த இசைத்தட்டுகள் ரிச்சர்ட்ஸின் கண்ணைக் கவர்ந்தன. அவற்றுள் ஒன்று, சிக்காகோ நகரின் புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடியது. மறு ஆண்டு 1962 ஜூலை 12-ஆம் நாள், லண்டன் மார்க்கீ மன்றத்தில் அவர்களது குழு முதல் நிகழ்ச்சியை நடத்தியது. குழுவின் தோற்றத்துக்குக் காரணமாயிருந்த பிரையன் ஜோன்ஸ் அதற்கு இட்ட பெயர், மடி வாட்டர்ஸ் 1950-இல் வெளியிட்ட 'ரோலின் ஸ்டோன்' என்னும் பாடலிலிருந்து எடுத்தது. 'உருளும் கல்' என்பது ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் அலைபவனைக் குறிக்கும் வழக்கு.

இனி ஆல்பத்துக்கு வருவோம். ஒரு பழைய குழுவின் புதிய படைப்பை மதிப்பிட நான் மூன்று வினாக்களை வைத்துக்கொள்வது வழக்கம். குழு தன்னைத்தானே நகலெடுக்கிறதா, அன்றி இன்றைய நிலையிலிருந்து பாடுகிறதா என்பது முதல் வினா. இழப்புகளைக் குழு எவ்வாறு தாங்கியிருக்கிறது என்பது இரண்டாவது. தான் பிறந்த மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பது மூன்றாவது.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். இக்குழு தானே இயற்றிய பாடல்களைக் கொண்ட முந்தைய ஆல்பம் 'எ பிகர் பேங்' 2005-இல் வந்தது. 2016-இல் வந்த 'புளூ அண்ட் லோன்சம்' முழுவதும் பிறர் பாடிய பழைய புளூஸ் பாடல்களே. ஆகவே, சொந்தப் பாடல்களாலான ஓர் ஆல்பத்துக்காக அன்பர்கள் 18 ஆண்டுகள் காத்திருந்தனர். இடையே பல பாடல்களைப் பதிவு செய்ய முயன்றும் பணி முற்றுப்பெறவில்லை. இறுதியில், 2023 பிப்ரவரி 14-க்குள் பதிவுகளை முடித்தாக வேண்டும் என்று ஜாகர் கெடு வைத்தார். தேர்வு நாள் குறித்த பிறகே படிக்கத் தொடங்கும் மாணவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். எண்பதை எட்டும் இசைவாணர்க்கும் அதே மருந்து தேவைப்பட்டது எனக்கு ஆறுதலாகவே இருந்தது!

பொறுப்பேற்ற தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் 1990-இல் பிறந்தவர். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் பிறந்தது 1943-இல். வாட்டின் இளமை ஆல்பத்துக்கு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது. நன்மை என்னவென்றால், பாடல்களில் தளர்ச்சி இல்லை. 12 பாடல்களும் ஏறக்குறைய 48 நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. தீமை என்னவென்றால், ஒலி சில இடங்களில் அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்டுள்ளது. இக்குழுவின் அழகே சிறிது கலைந்த தலைபோன்ற ஒழுங்கின்மையில் உள்ளது. ரிச்சர்ட்ஸ் தம் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றில், ஆறு தந்திக் கிடாரின் தடித்த தந்தியை நீக்கிவிட்டு, எஞ்சிய ஐந்தினையும் தனிமுறையில் சுருதி சேர்த்து வாசிப்பவர். அவர் கிடாரும் ரானி வுட்டின் கிடாரும் எது எவருடையது என்று பிரித்தறிய இயலாதபடி ஒன்றினுள் ஒன்று பின்னிச் செல்லும். அந்தப் பின்னலில் இடையிடையே காற்றுப் புக இடம் இருக்க வேண்டும். 'ஆங்ரி', 'கெட் க்ளோஸ்' ஆகிய தொடக்கப் பாடல்களில் அந்த இடைவெளி குறைவு என்பது என் கருத்து. முதற்பாடலைக் கேட்கும்போது 1981-இல் வந்த 'ஸ்டார்ட் மீ அப்' நினைவுக்கு வருகிறது. சுவையான நகலானாலும் நகல் நகலே.

ஆனால் நடுப்பகுதிக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. 'ட்ரீமி ஸ்கைஸ்' ஆரவாரமற்ற நாட்டுப்புறப் பாணிப் பாடல். ஓய்வை நாடும் ஒரு முதியவரின் குரல் அதில் தெளிவாகக் கேட்கிறது. 'டெல் மீ ஸ்ட்ரெயிட்' பாடலை ரிச்சர்ட்ஸ் பாடுகிறார். மூட்டுவாதத்தால் தம் வாசிப்பு முறையே மாறியிருப்பதை அவர் நேர்காணலில் வெளிப்படையாகக் கூறியவர். அவர் வாழ்க்கையில் பின்பற்றத்தகாதனவும் உண்டு. போதைப்பொருளின் பிடியில் பல ஆண்டுகள் சிக்கியிருந்தவர் அவர். அதனை மாணவர்களாகிய உங்களிடம் மறைப்பது முறையன்று. எனினும் அப்பாடலில் ஒலிக்கும் குரல், தன் நாள்கள் எண்ணப்பட்டுவருவதை அறிந்த மனிதனுடையது. இருபது வயதில் எவரும் அப்படிப் பாட இயலாது. ஆதலால் முதல் வினாவுக்கு என் விடை: பாதி நகல், பாதி புதுமை.

இரண்டாவது வினா, இழப்பைப் பற்றியது. 1963 ஜனவரி முதல் இக்குழுவின் டிரம்ஸ் கலைஞராக இருந்த சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24-ஆம் நாள் தம் 80-ஆம் வயதில் காலமானார். அவருடைய பெருமையை அறியாமல் இந்த ஆல்பத்தின் துயரத்தை அறிய முடியாது.

வாட்ஸ் உள்ளத்தால் ஜாஸ் இசையின் அன்பர். ராக் கலைஞர் பலர் விரும்பும் ஆர்ப்பாட்டம் அவரிடம் இல்லை, கருவிகளும் சிலவே. மற்றவர்கள் வலக்கையால் இணைத்தாளத் தட்டில் இடையறாது அடித்துக்கொண்டே, இடக்கையால் இரண்டாம் நான்காம் எண்ணிக்கைகளில் முழவை அடிப்பார்கள். வாட்ஸோ, முழவு ஒலிக்கும் அந்த நொடியில் வலக்கையைத் தூக்கிவிடுவார். அதனால் முழவின் ஒலி தனித்து நிற்கும். தாளத்தினுள் சிறியதொரு மூச்சு உண்டாகும். பொதுவாகக் குழுக்களில் கிடார் கலைஞர் டிரம்ஸைப் பின்பற்றுவார். இங்கே வாட்ஸ் ரிச்சர்ட்ஸின் கிடாரைப் பின்பற்றினார். தலைவன் தானாக இருந்தும் தோழனின் அடிச்சுவட்டில் நடக்கும் பெருந்தன்மை அது. நம் கச்சேரிகளில் நல்ல மிருதங்க வித்துவான் பாடகருக்கு இடம்விட்டு வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இவ்வருமை எளிதில் விளங்கும்.

ஆல்பத்தின் 12 பாடல்களுள் இரண்டில் மட்டும் வாட்ஸின் வாசிப்பு இடம்பெற்றுள்ளது; அவை 2019-இல் பதிவானவை. ஒன்று 'மெஸ் இட் அப்'. மற்றொன்று 'லிவ் பை த ஸ்வார்டு'. இரண்டாவது பாடலில், 1993-இல் குழுவைவிட்டு விலகியதாக அறிவித்த பேஸ் கிடார் கலைஞர் பில் வைமனும் வந்து சேர்ந்து வாசித்திருக்கிறார். மறைந்த தோழரின் பதிவு ஒலிக்க, அதனோடு இசைந்து பழைய தோழர் வாசிக்கிறார். முப்பது ஆண்டுகள் தோளோடு தோள் நின்று தாளம் காத்த இருவர், ஒருவர் இல்லாதபோதும் மீண்டும் ஒன்றுசேர்கின்றனர். இதனைக் கேட்டபோது என் கண்கள் கலங்கின என்பதை ஒளிக்கமாட்டேன்.

எஞ்சிய பாடல்களில், வாட்ஸ் உடல்நலம் குன்றியபோதே அவருக்கு மாற்றாக அறிவிக்கப்பட்ட ஸ்டீவ் ஜோர்டன் வாசிக்கிறார். ஜோர்டனின் அடி உறுதியானது, சீரானது, சிறிது அழுத்தமும் மிகுந்தது. அவர் வாட்ஸைப் போலிசெய்ய முயலவில்லை. அதுவே சரியான செயல். போனவரைப்போல் நடிப்பதனால் போனவருக்குப் பெருமை இல்லை. விருந்தினராக வந்தோரும் பலர். 1963-இல் தம் நண்பர் ஜான் லெனனோடு சேர்ந்து இயற்றிய ஒரு பாடலை இக்குழுவுக்கு அளித்தவர் பால் மெக்கார்ட்னி. அறுபது ஆண்டுகளுக்குப் பின் 'பைட் மை ஹெட் ஆஃப்' பாடலில் அவரே பேஸ் கிடார் வாசிக்கிறார். 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்' பாடலில் லேடி காகாவின் குரலும் ஸ்டீவி வொண்டரின் விசைக்கருவிகளும் ஜாகரோடு இணைகின்றன. ஏழு நிமிடங்களுக்கு மேல் நீளும் அப்பாடல் தேவாலயப் பாடல்களின் சாயலில் படிப்படியாக ஏறி, அடங்கியதுபோல் அடங்கி, மீண்டும் எழுகிறது. ஆல்பத்தின் உச்சி அதுவே. இழப்பைக் குழு மறைக்கவுமில்லை. அதனையே சொல்லி இரக்கம் தேடவுமில்லை. இரண்டாவது வினாவில் முழு வெற்றி என்றே கூறுவேன்.

மூன்றாவது வினாவுக்கு விடை கடைசிப் பாடலில் இருக்கிறது. அதன் தலைப்பு 'ரோலிங் ஸ்டோன் புளூஸ்'. குழுவுக்குப் பெயர் தந்த மடி வாட்டர்ஸின் பாடலேதான் அது. பதிவில் வேறு எவரும் இல்லை; ரிச்சர்ட்ஸின் கிடார், ஜாகரின் குரல், அவரே ஊதும் ஹார்மோனிகா, இவ்வளவே. புகைவண்டி நிலையத்தில் சந்தித்த அந்த இருவர், 62 ஆண்டுகளுக்குப் பின் தாங்கள் தொடங்கிய இடத்திலேயே வந்து அமர்கின்றனர்.

இது வெறும் அலங்காரமன்று என்பதை அவர்களுடைய வரலாறு காட்டும். 1964-இல் அமெரிக்கா சென்றபோதே, மடி வாட்டர்ஸ் பாடிய செஸ் நிறுவனத்தின் சிக்காகோ ஒலிப்பதிவுக்கூடத்தைத் தேடிச் சென்று பதிவு செய்தனர். 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைக்கப்பட்டபோது, புளூஸ் மேதை ஹௌலின் உல்ஃபையும் பாடவைக்க வேண்டும் என்று வற்புறுத்தினர். 1981-இல் சிக்காகோவின் சிறிய விடுதி ஒன்றில் மடி வாட்டர்ஸோடு ஒரே மேடையில் பாடினர். அவர் 1983-இல் மறைந்தார். மூலக் கலைஞர்களைவிட அவர்களிடம் கற்றவர்கள் பன்மடங்கு செல்வம் ஈட்டினார்கள் என்பது கசப்பான உண்மை. கறுப்பினக் கலைஞர்களுக்கு இசைத் தொழிலில் இழைக்கப்பட்ட அநீதியின் ஒரு பகுதி அது. ஒரு பாடலால் அக்கடன் தீர்ந்துவிடாது. ஆயினும், கடன் உண்டு என்பதைத் தம் பெயரிலேயே சுமந்து, எண்பதாம் வயதில் மீண்டும் ஒருமுறை உரக்கச் சொல்வது நன்றியறிதலின் அடையாளம்.

ஆல்பத்தின் பெயரையும் விளக்கிவிடுகிறேன். ஹாக்னி என்பது கிழக்கு லண்டனில் ஒரு பகுதி. கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடியவர் போனபின், தெருவில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளுக்கு அவ்வூர்ப் பேச்சுவழக்கில் 'ஹாக்னி வைரங்கள்' என்று பெயர். உடைந்து சிதறியதும் வெளிச்சம் பட்டால் மின்னும் என்பது பொருள்போலும். அறுபது ஆண்டுகளில் எத்தனையோ உடைவுகளைக் கண்ட குழுவுக்கு இப்பெயர் பொருத்தமே. 2025 பிப்ரவரியில் இந்த ஆல்பம் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. விருது எதுவாயினும், 1968 முதல் 1972 வரை இக்குழு படைத்த நான்கு பெரும் ஆல்பங்களுக்கு இது நிகரன்று. முதியவர் எழுதிய கடிதத்தை அவர் இளமையில் எழுதிய காவியத்தோடு ஒப்பிடுதல் தகாது. கடிதத்தில் உண்மை இருக்கிறதா என்று பார்ப்பதே தகும். இதில் இருக்கிறது.

ஆசிரியனாதலால் வீட்டுப்பாடம் தராமல் விடைபெற மனம் வரவில்லை. ஆல்பத்தின் கடைசிப் பாடலை முதலில் கேளுங்கள். அடுத்து மடி வாட்டர்ஸின் 1950-ஆம் ஆண்டுப் பதிவைக் கேளுங்கள். பிறகு 'லிவ் பை த ஸ்வார்டு' பாடலுக்கு வந்து, இரண்டிலும் நான்கிலும் கைதட்டியவாறே சார்லி வாட்ஸின் முழவை மட்டும் தொடர்ந்து செல்லுங்கள். அதன்பின் உங்களுக்கு விருப்பமான எந்த மொழியின், எந்த இசைக்குழுவாயினும் எடுத்துக்கொண்டு, அம்மூன்று வினாக்களையும் நீங்களே கேட்டு, விடையை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.