வீட்டுச் சர்வருக்கு ஒரு மறைவழி

களப்பணியாளர் தம் அளவீட்டுக் குறிப்புகளையும், ஆசிரியர் தம் பாடக் கோப்புகளையும் வீட்டிலுள்ள சிறு கணினியொன்றில் சேர்த்து வைப்பது இன்று அரிதன்று. வெளியூரிலிருந்து அதனை அணுக முற்படும்போதே இடர் தோன்றுகின்றது. இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதால் வெளியிலிருந்து வரும் அழைப்பு வீடுவரை எட்டுவதில்லை. தனிமுகவரி உடையவர் ரூட்டரில் ஒரு வாயிலைத் திறந்து வைக்கலாம். ஆயின் இணையத்தை ஓயாது துழாவும் தானியங்கி நிரல்களும் அவ்வாயிலைக் கண்டுகொள்ளும்.

இவ்விரு இடர்களையும் ஒருங்கே நீக்குவது டார் வலையமைப்பின் ஆனியன் சேவையாகும். 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் தோன்றிய கருத்து இதற்கு அடிப்படை. செய்தி வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக மறைகுறியாக்கப்படும். இடைநிலையம் ஒவ்வொன்றும் ஓர் அடுக்கை மட்டுமே உரிக்கும்.

சர்வர் எவருக்கும் வாயில் திறப்பதில்லை. தானே வெளியே சென்று, சில இடைநிலையங்களைத் தன் அறிமுக நிலையங்களாக அமர்த்திக்கொள்கின்றது. அணுகுவோர் தாம் தேர்ந்த சந்திப்பு நிலையத்தை அவற்றின் மூலம் தெரிவிக்க, இரு தரப்பும் தத்தம் வழியே அங்கு வந்து கூடுகின்றன. பெண்வீட்டாரும் பிள்ளைவீட்டாரும் ஒருவர் இல்லத்தை மற்றவர் அறியாமல் கோயில் மண்டபத்தில் சந்திப்பதை ஒத்தது இது. இடையே பல நிலையங்கள் நிற்பதால் வேகம் குறையும். கட்டளைகளுக்கும் சிறு கோப்புகளுக்கும் அது போதும்.

அமைக்கும் முறை எளிது. லினக்ஸ் கணினியில் டாரை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் சேர்த்தல் வேண்டும்: ஒன்று சேவைக்குரிய அடைவைக் குறிப்பது, மற்றொன்று துறை எண்ணைக் குறிப்பது. எஸ்.எஸ்.எச். முறைக்கு அவ்வெண் வழக்கமாக 22. டாரை மீண்டும் இயக்கியதும் அவ்வடைவில் 56 எழுத்துகளாலான முகவரி தோன்றும். பழைய 16 எழுத்து முகவரிகள் 2021-இல் கைவிடப்பட்டன. அணுகும் கணினியிலும் டார் இயங்குதல் இன்றியமையாதது. வீடு மாறினும் முகவரி மாறாது.

அம்முகவரி அடைவிலுள்ள இரகசியத் திறவுகோலிலிருந்தே பிறப்பதாகும். திறவுகோலைக் களவாடியவர் அதே முகவரியில் தம் சர்வரை நிறுத்தக்கூடும். அது அழிந்துபோயின் முகவரியும் போயிற்று. ஆகவே ஒரு படியை வேறிடத்தில் பத்திரப்படுத்துதல் நன்று. மேலும், அதே எஸ்.எஸ்.எச். சேவை பொது முகவரியிலும் திறந்திருப்பின், இரண்டிலும் காணப்படும் ஒரே அடையாளச் சாவி வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். பலரும் கவனியாது விடுவது இதனையே.

கடவுச்சொல் நுழைவை நிறுத்துமுன், சாவி வழி நுழைவு செவ்வனே நடைபெறுகின்றதா என வீட்டில் இருக்கும்போதே சோதித்தல் வேண்டும். வெளியூர் சென்றபின் அதனைத் திருத்த வழியில்லை.