இணையதளத்துக்கு வருபவர்களை எண்ணலாம், பின்தொடரலாமா?

ஒரு இணையதளத்தைத் திறந்தவுடன் திரையின் அடியில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ‘எங்கள் தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது’ என்கிறது. ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்ற பட்டன் பெரிதாக, பளிச்சென்று இருக்கும். ‘மறுக்கிறேன்’ எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தொல்லை விட்டால் போதும் என்று பலரும் பெரிய பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்த ஒரு அழுத்தலில் நாம் எதைக் கொடுக்கிறோம்? தளம் நடத்துபவருக்கு அவ்வளவும் தேவைதானா? இந்தியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வரும் நேரத்தில், வாசகர்கள் மட்டுமல்ல, சின்னதாக ஒரு தளம் வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

குக்கி என்பது என்ன?

இணையத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒரு தளத்தில் நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போனாலே, அதற்கு நீங்கள் புது ஆள்தான். இதைச் சரிசெய்ய 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மாண்டுலி உருவாக்கியதுதான் குக்கி. தளம் ஒரு சிறு குறிப்பை உங்கள் பிரவுசரில் எழுதி வைக்கும். அடுத்த முறை பிரவுசர் அதைக் காட்டும். தளம் அடையாளம் கண்டுகொள்ளும்.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள் அல்லவா, அதுபோலத்தான். உங்கள் பெயர் அவர்களுக்குத் தேவையில்லை. எந்தச் செருப்பு யாருடையது என்று தெரிந்தால் போதும். கடைத்தளத்தில் நீங்கள் எடுத்து வைத்த பொருள் கூடையிலேயே இருப்பதும், ஒவ்வொரு பக்கத்துக்கும் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதும் இந்த டோக்கனால்தான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஊரில் உள்ள எல்லா வாசல்களிலும் ஒரே ஆள் உட்கார்ந்து, ஒரே டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தால்? விளம்பர நிறுவனங்களின் ‘மூன்றாம் தரப்பு’ குக்கி செய்வது அதைத்தான். காலையில் சர்க்கரை நோய் மாத்திரை பற்றிப் படிக்கிறீர்கள். மதியம் நகைக்கடன் வட்டி பார்க்கிறீர்கள். இரவு வேறு வேலை தேடுகிறீர்கள். மூன்று தளங்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டுதான் தெரியும். மூன்றிலும் இருக்கும் விளம்பர வலைப்பின்னலுக்கு முழுக்கதையும் தெரியும்.

பெயர் தெரியலைன்னா பிரச்சினை இல்லைதானே?

‘நாங்க பெயர், போன் நம்பர் எதுவும் வாங்கலையே’ என்பது தளம் நடத்துபவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஐரோப்பிய நீதிமன்றங்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. இணைய சேவை நிறுவனம் மூலம் ஆளைக் கண்டுபிடிக்கச் சட்டப்படி வழி இருந்தால், அடிக்கடி மாறும் ஐபி முகவரியும் தனிநபர் தரவாகலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016-ல் கூறியது.

2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஒரு தளம் கூகுளின் எழுத்துருவை நேரடியாக கூகுள் சர்வரிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியது. அதனால் பார்வையாளரின் ஐபி முகவரி அவர் சம்மதமின்றி கூகுளுக்குப் போனது. அவருக்கு 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். தொகை சிறியதுதான். ஆனால் அழகுக்காகச் சேர்த்த எழுத்துருகூட சட்டப் பிரச்சினையாகலாம் என்று அந்த வழக்கு காட்டியது.

சம்மதம் என்றால் எது சம்மதம்?

ஐரோப்பாவின் ஜிடிபிஆர் விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. மீறினால் 2 கோடி யூரோ அல்லது உலக அளவிலான ஆண்டு வருவாயில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

ஏற்கெனவே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று 2019 அக்டோபர் 1-ல் ‘பிளானட்49’ வழக்கில் தீர்ப்பு வந்தது. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. காரணம் எளிமையானது: ஏற்க ஒரே கிளிக், மறுக்கப் பல கிளிக். மறுப்பதைக் கஷ்டமாக்கிவிட்டு வாங்கும் சம்மதம் சுதந்திரமான சம்மதம் அல்ல என்பதே அந்த ஆணையத்தின் நிலைப்பாடு.

இந்தியாவில் என்ன நிலை?

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்ட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

சட்டம் குக்கிக்கென்று தனி விதி எதுவும் வகுக்கவில்லை. ஆனால் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த டிஜிட்டல் தரவும் அதன் வரம்புக்குள் வரும். சம்மதம் சுதந்திரமாக, எதற்கு என்று குறிப்பாக, தெளிவான செயலின் மூலம் தரப்பட வேண்டும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று.

18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. விதிவிலக்குகள் மிகக் குறைவு. இதை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

அப்போ, எத்தனை பேர் வந்தாங்கன்னு பார்க்கவே கூடாதா?

தாராளமாகப் பார்க்கலாம். கடைக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணுறது ஒண்ணு. வந்தவர் பின்னாடியே ஆள் அனுப்புறது வேற. சட்டங்கள் கட்டுப்படுத்த முனைவது முக்கியமாக இரண்டாவதைத்தான்.

ஒரு சேலைக் கடை தளம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தை அதிகம் பேர் பார்த்தார்கள், போனிலா கம்ப்யூட்டரிலா, தேடுபொறி வழியாக வந்தார்களா என்று தெரிந்தால் அதற்குப் போதும். இதற்கு மூன்று வழிகள் பயன்பாட்டில் உள்ளன.

முதல் வழி, சர்வரில் தானாகவே பதிவாகும் குறிப்புகளை எண்ணுவது. இரண்டாவது, ஐபி முகவரியின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுச் சேமிப்பது. மூன்றாவது, ஐபி முகவரியோடு ஒரு ரகசியச் சாவியைச் சேர்த்து குறியீடாக மாற்றி, அந்தச் சாவியைத் தினமும் அழித்துவிடுவது. இன்று வந்தவர் நாளை வந்தால் புது ஆளாகத்தான் கணக்காவார். எண்ணிக்கை கொஞ்சம் கூடித் தெரியும். அதுதான் இதன் குறை.

சாவியை அழிப்பது ஏன் முக்கியம்? பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். சாவி கையில் இருந்தால் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்து, எது யாருடையது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். ‘குறியீடாக மாற்றிவிட்டோம், இனி கவலையில்லை’ என்று சொல்வது மட்டும் போதாது.

இப்படி எண்ணுவதற்கு மட்டும் பயன்படும் குக்கிக்கு, நிபந்தனைகளோடு, சம்மதமே தேவையில்லை என்கிறது சிஎன்ஐஎல். தரவு அந்தத் தளத்தின் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும். வேறு தளங்களின் தரவோடு சேர்க்கக் கூடாது. குக்கியின் ஆயுள் 13 மாதத்தையும், திரட்டிய தரவு 25 மாதத்தையும் தாண்டக் கூடாது என்பது அதன் பரிந்துரை.

தளம் நடத்துபவர்கள் என்ன செய்யலாம்?

* தளத்தில் இருக்கும் வெளி நிறுவனக் குறிநிரல்களைப் பட்டியல் போடுங்கள். எழுத்துரு, வீடியோ, லைக் பட்டன் எல்லாம் இதில் வரும். யாருக்கும் பயன்படாததை நீக்குங்கள்.

* திரட்டும் ஒவ்வொரு தகவலுக்கும் ‘இதை வைத்து என்ன முடிவெடுத்தோம்?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் திரட்ட வேண்டாம்.

* ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ இரண்டையும் ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். தமிழ்த் தளம் என்றால் அறிவிப்பும் தமிழில் இருக்கட்டும்.

* சம்மதம் கிடைக்கும் முன்பே கண்காணிப்புக் குக்கி ஓடத் தொடங்குகிறதா என்று சோதியுங்கள். பல தளங்கள் தவறுவது இங்கேதான்.

வாசகர்கள்?

சஃபாரி பிரவுசர் 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்பு குக்கிகளைத் தானாகவே தடுக்கிறது. குரோமில் அவற்றை ஒழிப்பதாக 2020-ல் அறிவித்த கூகுள், பிறகு அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது. எனவே குரோம் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸுக்குப் போய் தாங்களே தடுக்க வேண்டும். ஒரு நிமிட வேலைதான். அடுத்த முறை அந்தப் பெட்டி வரும்போது, ‘மறுக்கிறேன்’ பட்டனை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான தளங்கள் அதற்குப் பிறகும் நன்றாகவே வேலை செய்யும்.