உத்தேச ரஸ்தாவும் கிராமத்தின் நீர்வரத்தும்

நல்ல ரஸ்தா கிராமத்திற்கு இன்றியமையாதது என்பதில் இரண்டு அபிப்பிராயங்கள் இரா. திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் விளையும் மணிலாக்கொட்டையும் நெல்லும் கரும்பும் உரிய காலத்தில் மார்க்கெட்டுக்கும் ஆலைக்கும் போய்ச் சேருவதற்கும், பிணியாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுவதற்கும் ரஸ்தாவே துணை. எனினும், ரஸ்தா வேண்டுமென்பது ஒரு விஷயம். அஃது எத்தடத்தில் செல்லவேண்டுமென்பது வேறொரு விஷயம். தடம் குறிக்கப்படுமுன் அதன் நன்மை தீமைகளை ஆராய்தல் சுலபம். கரை எழும்பிய பின்னர் ஆராய்வதால் பயன் சிறிதே.

சென்னை–சேலம் வழக்கு

இவ்விஷயத்தில் நம் மாகாணத்துக் குடியானவர்கள் நன்கறிந்த உதாரணம் 2018ஆம் ஆண்டில் உத்தேசிக்கப்பட்ட சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையாகும். ஏறத்தாழ 277 கிலோமீட்டர் நீளமும், சுமார் 10,000 கோடி ரூபாய் மதிப்பும் கொண்ட இத்திட்டம் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஜில்லாக்களினூடே குறிக்கப்பட்டது. செய்யாறு, போளூர், செங்கம் வட்டாரங்களில் நன்செய்களிலும் கிணற்றுப் பாசன நிலங்களிலும் அளவைக் கற்கள் நடப்பட்டபோதுதான் குடியானவர்கள் பலர் அதனை அறியலாயினர்.

2019 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்புகளை ரத்துச் செய்தது. மேல் முறையீட்டில், 2020 டிசம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பூர்வாங்க அறிவிப்பு வெளியிடுவதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே தேவையில்லை என்றும், வேலை தொடங்குமுன் அதனைப் பெற்றே தீரவேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. நிலம் முறைப்படி ஸர்க்காரைச் சேருமுன்னரே கிராமக் கணக்குகளில் செய்யப்பட்டிருந்த பெயர் மாறுதல்களை நீக்கிப் பழைய உடைமையாளர் பெயர்களைப் பதிய வேண்டுமென்ற உத்தரவும் நிலைபெற்றது. இப்பகுதியைக் கிராமாதிகாரிகள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

நிலமும் மண்ணும்

அச்சாலை மேல்சித்தாமூரின் வழியே குறிக்கப்படவில்லை. ஆயினும், அத்தகைய ரஸ்தா இவ்வட்டாரத்துக் கிராமமொன்றில் வருமாயின் விளைவு யாதாகும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

70 மீட்டர் அகலம் கொள்ளும் ரஸ்தா ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கு 7 எக்டேர், அதாவது 17 ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தை எடுத்துக்கொள்ளும். அந்நிலத்தின் மேல்மண் அரையடி கனத்திற்கு வெட்டப்பட்டால் சுமார் 10,500 கன மீட்டர் ஆகும். எருவிட்டு உழுது பல தலைமுறைகளாகப் பண்படுத்திய இம்மண்ணைத் தனியே குவித்து வைத்துப் பின்னர் நிலங்களுக்குத் திருப்பித் தருமாறு முன்னரே நிபந்தனை கேட்கலாம்.

மேலே 30 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடைய கரைக்கு, இருபுறச் சரிவுகளையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 68,000 கன மீட்டர் மண் வேண்டும். இது எவ்விடத்திலிருந்து வரும் என்பதைக் கேட்டறிதல் அவசியம். ஏரியின் உள்வாயில் அளவோடு வண்டல் எடுப்பது நலம். கரையடியிலும் மதகருகிலும் பள்ளம் தோண்டுவது ஏரிக்கே கேடு.

நீர்வரத்து

இவ்வட்டாரத்தின் சாகுபடி பெரும்பாலும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியது. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லுகிறது. வரத்துக்காலின் குறுக்கே கரை எழும்பினால் மேற்புறத்து நிலங்களில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். கீழ்ப்புறத்து ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிடின் ஆயக்கட்டுக் கிணறுகளின் ஊற்றும் குறையும்.

சித்திரை, வைகாசியில் அளவைக்கு வருவோர் கண்ணுக்கு வரத்துக்கால் வெறும் பள்ளமாகவே தோன்றும். ஆகவே சிறு குழாயொன்று போதுமென்று எண்ண இடமுண்டு. 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்திற்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை பெய்தது. பாலங்களின் கண்களை அத்தகைய நாளை மனத்திற்கொண்டே அமைத்தல் வேண்டும். வெள்ளம் எந்த மரத்தடிவரை ஏறியது என்பதை ஊர்ப் பெரியோரும் நீர்க்கட்டியும் அறிவர். அவ்வறிவு காகிதத்தில் ஏறாவிடில் திட்டம் வகுப்போருக்குத் தெரியவராது.

ஊரார் வாழ்க்கை

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் ஆலயமும் அமைந்த ஊர். வெளியூர் யாத்திரிகர் வந்து போகும் இத்தகைய ஊர்களில், தேர் செல்லும் பாதை, இடுகாட்டு வழி, பள்ளிக்கூட வழி, மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும் வழி ஆகியவற்றை ரஸ்தா குறுக்கிடுமா என்று பார்த்தல் வேண்டும். வீடு ஒருபுறமும் கழனி மறுபுறமுமாகப் பிரிந்தால், உழவனும் கூலியாளும் தினமும் வெகுதூரம் சுற்றிச் செல்ல நேரிடும். சுரங்கவழி அமைப்பின், வைக்கோல் ஏற்றிய வண்டியும் அறுவடை இயந்திரமும் நுழையுமளவு அதற்கு உயரம் இருத்தல் வேண்டும்.

சட்டம் அளிக்கும் சந்தர்ப்பங்கள்

புதிய தேசிய நெடுஞ்சாலைக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படும். 30 நாட்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கவேண்டும். கூட்ட நடவடிக்கைகள் முடிவில் வாசித்துக் காட்டப்படவேண்டும். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலமெடுப்பு அறிவிப்பு வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபணையை எழுத்து மூலம் கொடுத்தல் வேண்டும். நிலம் துண்டாடப்படுவதால் நேரும் நஷ்டத்தையும் ஈட்டில் கோரலாம்.

எனினும் 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்திலுள்ள சமூகத் தாக்க மதிப்பீடு தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் பொருந்தாது. நிலம் எடுக்கப்படாமல், ஏரி வற்றியதால் மட்டும் விளைவிழக்கும் ஆயக்கட்டுதாரருக்கு ஈட்டுப் பட்டியலில் இடம் கிடைப்பது அரிது. ஆதலின் கிராமத்தாரே தம் கணக்கை ஆயத்தம் செய்துகொள்ளுதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

1. புல வரைபடத்தில் ஏரி, வரத்துக்கால், கலங்கல், கிணறு, வண்டிப்பாதை யாவற்றையும் குறிக்கவும்.

2. அடங்கலில் பயிர், கிணறு, மரங்கள் உள்ளபடி பதிவாகியுள்ளனவா என்று சரிபார்க்கவும்.

3. குத்தகைதாரர், கூலியாட்கள், ஆடுமாடு மேய்ப்போர் ஆகியோரையும் கணக்கில் சேர்க்கவும்.

4. பெருமழைக் காலத்து நீர்மட்டத்தைக் கல் நட்டுக் குறிக்கவும்.

5. நஷ்டம் குறைந்த மாற்றுத் தடம் இருப்பின் சர்வே எண்களுடன் காட்டவும்.

6. இவற்றைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக நிறைவேற்றி, ஒரு பிரதியை ஜில்லா கலெக்டருக்கு அனுப்பவும்.

வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ பொதுப்படச் சொல்லும் மனுவைக் காட்டிலும், இன்ன சர்வே எண்ணில் இன்ன வரத்துக்கால் அடைபடும், அதனால் இத்தனை ஏக்கர் தரிசாகும் என்று கூறும் மனுவுக்கு அதிகாரிகள் விடையளித்தே ஆகவேண்டும். ரஸ்தா வருவதற்குமுன், ஓய்வு கிடைக்கும் இக்கோடையிலேயே, ஒவ்வொரு கிராமத்தாரும் இவ்வேலையைத் தொடங்குவது நன்று.