கட்டற்ற கலைக்களஞ்சியமும் பள்ளிக் கல்வியும்

பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட ‘கலைக்களஞ்சியம்’ 1954இல் தொடங்கி 1968இல் பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது. ஆயினும், நல்ல நூலகம் வாய்க்காத பள்ளியின் மாணவனுக்கு அப்பெருமுயற்சி எட்டாக் கனியாகவே இருந்தது. 2001இல் ஆங்கிலத்திலும் 2003இல் தமிழிலும் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா இத்தடையைப் பெரிதும் தளர்த்தியது.

இதனைக் ‘கட்டற்ற’ கலைக்களஞ்சியம் என்கிறோம். விலையின்றிக் கிடைப்பது அதன் ஒரு பகுதியே. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி, இதன் கட்டுரைகளை எவரும் படியெடுக்கலாம், சுருக்கலாம், மொழிபெயர்க்கலாம். மூலத்தைக் குறிப்பிடல் வேண்டும். செய்த மாற்றத்தைத் தெரிவித்தல் வேண்டும். மாற்றியதை வெளியிடுங்கால் அதே உரிமத்தில் வெளியிடல் வேண்டும். படங்களுக்குத் தனி உரிமங்கள் உண்டு. அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே, நீண்டதொரு கட்டுரையை ஆசிரியர் தம் வகுப்பின் தரத்திற்கேற்பச் சுருக்கி, அச்சிட்டு வழங்குவதற்கு எவரிடமும் அனுமதி கோர வேண்டியதில்லை.

இவ்வுரிமையின் பயனைப் பிரிட்டனில் ‘எஸ்.ஓ.எஸ். சில்ட்ரன்’ என்னும் தொண்டு நிறுவனம் காட்டியது. பள்ளிச் சிறாருக்கு ஏற்ற ஆங்கிலக் கட்டுரைகளைத் தெரிந்தெடுத்து, சுமார் 5,500 கட்டுரைகள் கொண்ட பதிப்பை 2008இல் டி.வி.டி. வடிவில் அது வழங்கியது. 2007இல் தோன்றிய ‘கிவிக்ஸ்’ மென்பொருளோ, கலைக்களஞ்சியம் முழுவதையும் ஒரு கணினியில் சேமித்து, இணைய இணைப்பின்றிப் படிக்க வழிசெய்கிறது. இணைப்பில்லாத சிற்றூர்ப் பள்ளிக்கு இது பெரும் வாய்ப்பு.

எவரும் எழுதலாம் என்பதால் பிழைகள் புகாவோ எனும் ஐயம் நியாயமானதே. பிழைகள் புகத்தான் செய்கின்றன. ஆயினும் ஒவ்வொரு கட்டுரையிலும், யார் எப்போது எதை மாற்றினர் என்பதை வரலாற்றுப் பக்கம் காட்டுகிறது. கருத்து வேறுபாடுகளை உரையாடல் பக்கம் காட்டுகிறது. செய்தியின் ஆதாரத்தை அடிக்குறிப்பு காட்டுகிறது. அச்சு நூலில் காண அரிதான இவ்வெளிப்படையே மாணவருக்கு நல்ல பாடமாகும்.

நாம் அஞ்ச வேண்டியது வேறொன்று. கொடுக்கப்பட்ட தலைப்பை மாணவர் அப்படியே படியெடுத்துப் படிக்காமலே ஒப்படைத்துவிடுகின்றனர். இதற்குத் தடை விதிப்பதால் பயனில்லை. வினாவை மாற்றுவதே வழி. ஒரே பொருள் பற்றிய தமிழ், ஆங்கிலக் கட்டுரைகளை ஒப்பிடச் சொல்லலாம். ஆதாரமற்ற ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நூலகத்தில் சான்று தேடப் பணிக்கலாம். தேடிக் கண்ட சான்றை மாணவனே கட்டுரையில் சேர்க்கும் நாளில், அவன் அறிவை நுகர்பவனாக மட்டுமன்றி அதற்குப் பொறுப்பேற்பவனாகவும் ஆகிறான்.