சுண்ணாம்புக்கு இரண்டு வேலை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பனையேறுகிறவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவிவிட்டுத்தான் பாளையில் கட்டுவார். தடவாவிட்டால் விடிவதற்குள் அக்கானி, அதாவது பதநீர், புளித்துக் கள்ளாகிவிடும். சாற்றின் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் காரத்தன்மை ஒத்துக்கொள்ளாது. போதையைத் தடுக்க இவ்வளவு மலிவான வழி வேறில்லை!

அதே சுண்ணாம்பு புகையிலையோடு வாய்க்குள் போனால் கட்சி மாறிவிடுகிறது. ஏன்? அமிலத்தன்மையில் நிகோடின் மின்னேற்றத்தோடு இருக்கும். கொழுப்பாலான செல் சவ்வை எளிதில் கடக்காது. சுண்ணாம்பு காரத்தைக் கூட்டியதும் மின்னேற்றம் போய்விடும். பிறகென்ன, கன்னத்தின் உட்தோல் வழியே ரத்தம், சில நிமிடங்களில் மூளை. அங்கே டோபமைன் சுரக்க, ஒரு சுகம். திரும்பத் திரும்பப் போட்டால் மூளையில் நிகோடின் ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடும். காலையில் ஒரு துண்டு போடாமல் கையும் ஓடாது, காலும் ஓடாது என்பது அந்த ஏற்பிகளின் நச்சரிப்பு. வீட்டார் ‘மனவுறுதி இல்லை’ என்று திட்டுவதில் பாதி நியாயம்தான் உண்டு.

2016-17 கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்தினார்கள், புகைத்தவர்கள் 10.7 சதவீதமே. புகையில்லாப் புகையிலை வகைகளில் ஒன்றான குட்காவைத் தமிழ்நாடு 2013-இல் தடை செய்தது.

புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை பாக்கு என்றால் பரவாயில்லை என்பார்கள். பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. நெடுநாள் மெல்பவருக்குக் கன்னம் உள்ளே நார்பாய்ந்து இறுகி, ஒரு கவளம் சோறு வைக்கக்கூட வாய் திறக்காமல் போவதும் பாக்கால்தான்.